முன்னதுக்கு ஓங்கி, பின்னதுக்கு மெல்ல

காரைக்குடியில் அந்தக் காலத்தில் நார்வே மொழி பேசத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கும் அதில் ஒரு வினைச்சொல்கூடத் தெரியாது. வா, போ, இரு, சாப்பிடு எதுவும் வராது. ஆனால் ரயில்வே ஸ்டேஷன், காப்பிக் கோப்பை, ஆஸ்பத்திரி, மாமியார், மருமகள், சமையலறைத் தோட்டம் இவற்றையெல்லாம் நார்வேக்காரர்களே அசந்துபோகும் அழுத்தத்தோடு சொல்வார்.

முறைப்படி அவர் எனக்குப் பெரிய மாமியார். என் மாமனாரின் அண்ணன் மனைவி. வீடே ஆச்சி என்று கூப்பிட்டதால் நானும் ஆச்சி என்றே கூப்பிட்டேன். குள்ளம், நல்ல கனம், மூக்கின் இரண்டு பக்கமும் வைரம். கையில் எப்போதும் ஓர் இரும்புக் கரண்டி இருக்கும். அது சமையலுக்கு அல்ல. அண்டா, தூண், ஜன்னல் கம்பி, ஒருமுறை என் வீட்டுக்காரரின் சைக்கிள் என்று பக்கத்தில் எது அகப்பட்டாலும் அதில் தட்டுவார். ஓங்கி ஒரு தட்டு, மெல்ல ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டால் ஆச்சி ஏதோ ஒரு நார்வேச் சொல்லைச் சொல்லிப் பழகுகிறார் என்று வேலைக்காரர்கள்வரை எல்லாருக்கும் தெரியும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆச்சிக்கு ஒரே மகன். கப்பல் கட்டும் படிப்புக்கு நார்வே போனவர், அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அறுபதுகளின் நடுவில். செய்தி வந்ததும் பெரியவர், அதாவது ஆச்சியின் கணவர், ரேடியோவை நிறுத்தச் சொன்னார். சாவு விழுந்தால்தான் எங்கள் வீட்டில் ரேடியோ நிற்கும். ஆச்சி மத்தியானம் முழுக்க அழுதார். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம், "ஏத்தா, அந்தப் புள்ள என்ன பாசை பேசும்?" என்று கேட்டார்.

மகன் அம்மாவுக்காக நார்வே மொழி கற்றுத்தரும் இசைத்தட்டுகளை ஏதோ பழைய கடையில் வாங்கி அனுப்பினார். ஸ்டேஷனிலிருந்து பார்சலைக் காரில் கொண்டுவரும்போது பெரியவர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் உட்கார்ந்ததாகச் சொன்னார். "வெளிநாட்டு மெத்தைன்னுல்ல நெனச்சேன்" என்றார். பெரியவரின் உடம்பு ஊரறிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் நொறுங்கின அப்பளமாக வந்து சேர்ந்தது. ஒன்றே ஒன்று தப்பியிருந்தது.

நான் என்றால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். ஆச்சி போடவில்லை. தப்பிய தட்டை முந்தானையால் துடைத்து, "இது போதும்" என்றார்.

பர்மாவிலிருந்து வந்த சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் தட்டைப் போட்டோம். இங்கிலீஷில் ஒருவர் விளக்க, நார்வேக்காரர் ஒருவர் சொற்களைச் சொன்னார். மதுரையில் காலேஜ் வாசல்வரை போய் வந்தவள் என்பதால் இங்கிலீஷைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வணக்கம், நன்றி, சௌக்கியமா எல்லாம் நொறுங்கிய தட்டுகளில் போய்விட்டன. எஞ்சிய தட்டில் இருந்தது ஒரே பாடம். நார்வே மொழியில் இரண்டு சொல் சேர்ந்து ஒரு சொல்லானால் அதை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது என்கிற பாடம்.

முதல் சொல்லை ஓங்கி அழுத்த வேண்டும். இரண்டாவதை மெல்ல அழுத்த வேண்டும், ஆனால் அழுத்தாமல் விட்டுவிடக் கூடாது. பிரித்தால் ஒட்டின இடத்தில்தான் பிரிக்க வேண்டும், ஒருவர் எழுத்து அடுத்தவர் பக்கம் சாயக் கூடாது. இவ்வளவுதான் பாடம். இதைத் தெரிந்துகொண்டு காரைக்குடியில் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆச்சி சிரிக்கவில்லை.

"நம்ம வீட்டைச் சொல்ற மாதிரியில்லத்தா இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களவர்களில் கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் 'வேறு வைப்பது' வழக்கம். கோபத்தில் இல்லை, மரியாதைக்காக. ஒரே கூரை, ஒரே வாசல், அடுப்பு மட்டும் தனி. மாமியார் அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து மருமகளுக்கென்று ஓர் அடுப்பை ஒதுக்கிவிடுவார். அடுப்புக் கிடைத்தால்தான் அவள் அந்த வீட்டுப் பெண். இரண்டாங்கட்டில் எங்கள் அடுப்புகள் வரிசையாக இருந்தன. என் மாமியாருடையது, என்னுடையது, ஆச்சியுடையது. ஆச்சியின் அடுப்பை ஒட்டி ஓர் அடுப்பு புகை படாமல் கிடந்தது. மகனுக்குப் பெண்டாட்டி வருவாள் என்று வைத்தது. பெரியவர் அதன்மேல் புதுவயல் மில்லிலிருந்து வந்த அரிசி மூட்டைகளை அடுக்கச் சொல்லியிருந்தார்.

"கோயில்ல புள்ளி இல்லாதவனுக்கு இங்க அடுப்புக் கிடையாது" என்பது அவர் தீர்ப்பு. எங்களில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. குலக்கோயிலில் அந்தக் கணக்கில் ஏறாத கல்யாணம் கல்யாணமே இல்லை. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் புள்ளி ஏறும். நார்வேக்காரிக்குக் கோயில் மாலை வருமா? வராது. ஆக அடுப்பும் இல்லை என்று முடிந்தது. ஆச்சி மூட்டைகளைப் பார்ப்பார், கரண்டியால் தன் அண்டாவில் தட்டுவார், அவ்வளவுதான்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் கிராமபோன் பாடியது. பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு புரண்டு படுப்பார். ஆச்சிக்கு ரொம்பப் பிடித்த சொல் 'ப்ளோபேர்ஸில்தெதொய்'. ஏதோ நீலப்பழத்தில் செய்யும் ஜாம். அந்தப் பழம் எனக்கும் தெரியாததால் "நாவற்பழப் பச்சடிங்க ஆச்சி" என்று சொல்லிவைத்தேன். தட்டிலேயே நீளமான சொல் அதுதான். வினைச்சொல் இல்லாத குறையை ஆச்சி இதைக் கொண்டே தீர்த்துக்கொண்டார். யாரையாவது வரவேற்க வேண்டுமா, ப்ளோபேர்ஸில்தெதொய். திட்ட வேண்டுமா, அதே சொல்தான், கரண்டி மட்டும் கொஞ்சம் பலமாக விழும். எனக்குக் குழந்தை தங்காமல் போன மாதம், பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே அந்த நாவற்பழப் பச்சடியைத்தான் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து போன எல்லாரும் சொன்ன ஆறுதலைவிட அது தேவலையாக இருந்தது.

பாடம் நார்வேயோடு நிற்கவில்லை. பந்தியில் நின்றால், "மூத்தவுகளுக்கு நெறைய வை, அடுத்தவுகளுக்குக் கொறைச்சு வை, ஆனா விட்டுறாத" என்பார். ஒருமுறை நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது தேவகோட்டை பஸ் கண்டக்டர், "கோட்ட கோட்ட கோட்ட" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆச்சி நேரே அவரிடம் போனார்.

"ஏப்பா, தேவ எங்குட்டுப் போச்சு?"

"எந்தத் தேவன் ஆச்சி? டிரைவர் தேவனா? டீ குடிக்கப் போயிருக்காரு."

"முன்னதை முழுங்கிட்டுப் பின்னதைப் போட்டு இந்த அடி அடிக்கிறியே. தேவக்கு ஓங்கி, கோட்டைக்கு மெல்ல. எங்க, சொல்லு பாப்போம்."

பஸ்ஸின் தகரத்தில் கரண்டி இரண்டு தரம் விழுந்தது. கண்டக்டர் சொல்லிக் காட்டிய பிறகுதான் ஆச்சி ஏறினார். நாங்கள் போக வேண்டியது புதுவயலுக்கு. அது தேவகோட்டை பஸ் என்பது பாதி வழியில்தான் எங்களுக்கு உறைத்தது.

எங்கள் குடும்பத்தில் பெரிய ரகளை என்றால் அது சுவர் விவகாரம்தான். பெரியவர் அறைக்கும் என் மாமனார் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அதைக் குடைந்து பர்மாத் தேக்கில் அலமாரி வைக்கப் பெரியவருக்கு ஆசை. "பொதுச்சுவரு, தொடக் கூடாது" என்றார் என் மாமனார். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பஞ்சாயத்துப் பேச வந்தவர்களும் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒருநாள் ஆச்சி கரண்டியோடு நடுவில் வந்து நின்றார்.

"நடுவுல நிக்கிறது முன்னதோட சேந்தது. நார்வேயில அப்புடித்தான்."

"நார்வேயில எவன் வீட்டுச் சுவத்துக்கு வழக்குப் போட்டாக?" என்றார் என் மாமனார்.

ஆச்சி கிராமபோனைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு சொற்களை ஒட்டவைக்க நார்வேக்காரர்கள் நடுவில் சில சமயம் ஒரு 'ஸ்' போடுவார்களாம். 'ஆர்பைட்ஸ்ரும்' என்றால் வேலை செய்யும் அறை. பிரிக்கும்போது அந்த 'ஸ்' முன் சொல்லோடுதான் போக வேண்டும், பின் சொல்லுக்கு அதில் பாத்தியதை இல்லை என்று தட்டில் இருந்த ஆள் கணீரென்று இங்கிலீஷில் சொன்னார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் சொந்த மாமனாருக்கு எதிரான சாட்சியத்தை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆச்சிக்கு அந்தத் தட்டு தலைகீழ்ப் பாடம், கண்டுபிடித்துவிடுவார். உள்ளபடியே சொன்னேன்.

"வெள்ளைக்காரனே சொல்லிட்டான். செல்லும்" என்றார் பெரியவர். அந்த மொழியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். அடுத்த வாரம் சுவரில் அலமாரி ஏறியது. "படிச்ச மருமக வந்தா வீட்டுச் சுவரு போகும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று என் மாமியார் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகனும் மருமகளும் ஊருக்கு வருவதாகத் தந்தி வந்தபோது எழுபது பிறந்திருந்தது. "விருந்தாளியா வரட்டும், எலை போடுவோம், போகட்டும்" என்றார் பெரியவர். ஆச்சிக்கு முகம் செத்துவிட்டது. விருந்தாளியாக வந்து போகும் மகன் மறுபடி வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். தனக்கென்று ஓர் அடுப்பு இருக்கிற வீட்டுக்குத்தான் பெண் திரும்பி வருவாள் என்று என்னிடம் சொன்னார். அப்போது கரண்டி கையில் இல்லை.

மெட்ராஸ் ரயிலுக்கு ஆச்சியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். மகன் இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண் இறங்கினாள். நெட்டை, வெயிலில் சிவந்த முகம், தாறுமாறாகச் சுற்றிய பட்டுப்புடவை. ஆச்சி அவள் எதிரே போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "யேர்ன்பானெஸ்தஷூன்!" என்றார்.

ரயில்வே ஸ்டேஷன் என்று அர்த்தம். நாங்கள் நின்றதும் அங்கேதான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பெண் பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு மடை திறந்த மாதிரி நார்வேயில் பேச ஆரம்பித்தாள். ஆச்சி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், மரியாதையாக, "ப்ளோபேர்ஸில்தெதொய்" என்றார். அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் ஆச்சியைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். ஆச்சி பேசுவது தன் ஊர்ப் பாதிரியார் தூக்கக் கலக்கத்தில் பேசுவது மாதிரியே இருக்கிறது என்று மகனிடம் சொன்னாளாம். கிராமபோனில் சாவி தீரத் தீரக் குரல் இழுக்குமே, ஆச்சி அந்த இழுப்பையும் சேர்த்தே படித்திருந்தார்.

வீட்டில் பெரியவர் சொன்னபடியே விருந்தாளி இலை விழுந்தது. மருமகள் ஒவ்வொரு வேளையும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு எங்கள் அடுப்புகளை எட்டி எட்டிப் பார்ப்பாள். இரண்டு நாள் ஆச்சி பொறுத்தார். மூன்றாம் நாள் காலை பெரியவர் அலமாரியைத் திறந்து வேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அலமாரிக் கதவில் கரண்டி விழுந்தது.

"சுவத்துக்கு நார்வே சட்டம் செல்லும்னீக."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"முன்னதுக்கு ஓங்கி, பின்னதுக்கு மெல்ல. பின்னதை விட்டுறக் கூடாதுன்னும் அதே தட்டுலதான் இருக்கு. செல்லும்னா அடுப்பு மேல கெடக்குற மூட்டையை எடுங்க. செல்லாதுன்னா அலமாரியைக் கழட்டித் தம்பிகிட்டச் சுவத்தைக் குடுங்க."

பெரியவர் வேட்டியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். நல்ல பர்மாத் தேக்கு. "மூட்டை என்ன மூட்டை, யாராச்சும் எடுத்துப் போடுங்க" என்று முனகிவிட்டு முகப்புப் பக்கம் போய்விட்டார். என் மாமனார்தான் முதலில் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கினார். சுவர் திரும்ப வரும் என்று அதற்கு முன் ஒரு நிமிஷம் நம்பியிருப்பார், பாவம்.

ஆச்சி அடுப்பை மெழுகிக் கோலம் போட்டார். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், உப்பு, உருளைக்கிழங்கு, மகன் பிறந்தபோதே வாங்கிவைத்த வெண்கலப் பானை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். மருமகளைக் கைபிடித்துக் கூட்டிவந்து அந்த அடுப்பின் முன் நிறுத்தினார். அவளும் சந்தோஷப்படுவாள் என்றுதான் எல்லாரும் காத்திருந்தோம்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தேம்பலுக்கு நடுவே இங்கிலீஷில் என்னிடம் கேட்டாள்: "நான் உங்கள் பாத்திரத்தைத் தொடக் கூடாதா? இவ்வளவு நாள் தனி இலை. இப்போது தனிச் சமையலா? நான் என்ன தப்புச் செய்தேன்?"

எங்களில் ஒருத்திக்கும் இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைத்தே சேர்த்துக்கொண்டவர்கள் நாங்கள். மகன் அந்த நேரம் பார்த்துக் கீழச்சிவல்பட்டிக்கு மாமாவைப் பார்க்கப் போயிருந்தார். நான் இங்கிலீஷில் விளக்க வாயைத் திறந்தேன். எவ்வளவு சொல்லியும் அவள் பெட்டி இருக்கும் அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை கட்டிவிடுவாள் என்று பயந்துபோனேன்.

"நீ சும்மா இருத்தா" என்றார் ஆச்சி.

தன் அடுப்பின் முன்னால் போய் நின்றார். அண்டாவில் ஓங்கி ஒரு தட்டு, மெல்ல ஒரு தட்டு. "ஸ்வீகெர்மூர், ஷெக்கென்." மாமியார் சமையலறை. இசைத்தட்டில் மாமியார் ஓரிடத்தில் இருந்தது, சமையலறை வேறிடத்தில் தோட்டத்தோடு சேர்ந்திருந்தது. தோட்டத்தை வெட்டிப் போட்டுவிட்டு, ஒட்ட வேண்டிய இடத்தில் தானே ஒட்டியிருந்தார். அடுத்து என் மாமியாரின் அடுப்பு. ஓங்கி, மெல்ல. "ஸ்வீகெர்மூர்ஷெக்கென்." பிறகு என் அடுப்பு. என்னைக் கரண்டியால் காட்டி, "ஸ்வீகெர்தத்தெர்ஷெக்கென்." மருமகள் சமையலறை. கடைசியில் புதுக்கோலம் போட்ட அடுப்பின் விளிம்பில் கரண்டி விழுந்தது. ஓங்கி ஒன்று. மெல்ல ஒன்று.

"ஸ்வீகெர்தத்தெர்ஷெக்கென்" என்று சொல்லி ஆச்சி அந்தப் பெண்ணின் நெஞ்சைத் தொட்டார்.

அவள் நான்கு அடுப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். என்னிடம், "எல்லாருக்குமா?" என்று கேட்டாள். "எல்லாருக்கும்தான்" என்றேன். முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, அடுப்பின் முன் உட்கார்ந்து விறகை எடுத்தாள். கையில் கரி பட்டது. அதை எங்கள் எல்லாரிடமும் காட்டினாள், ஏதோ மருதாணி வைத்துக்கொண்டவள் மாதிரி.

உருளைக்கிழங்கை வேகவைத்தாள். வேகவைத்தாள், அவ்வளவுதான். புது அடுப்பில் முதலில் செய்ததை மற்ற அடுப்புக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம் என்று நான்தான் வாயைக் கொடுத்துவைத்தேன். உப்புமில்லை, உறைப்புமில்லை. என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "உடம்புக்கு நல்லது" என்றார்.

பெரியவருக்கும் ஒரு கிண்ணம் போனது. அவளே கொண்டுபோனாள். பின்னாலேயே மொத்த வீடும் போய் வளவு முற்றத்துத் தூண்களின் ஓரம் நின்றது. அந்த அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டால் அடுப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கோயிலில் அவர்கள் புள்ளி கடைசிவரை ஏறவில்லை, அது வேறு. அன்றைக்கு எங்களுக்கு இருந்த கோயில் பெரியவரின் வாய்தான். ஆச்சி மட்டும் வரவில்லை. இரண்டாங்கட்டுக் கதவின் பக்கம் நின்றுகொண்டு, கரண்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பெரியவர் கிண்ணத்தை வாங்கினார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்தார். கிண்ணம் காலியாகும்வரை யாரும் அசையவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, மருமகள் முகத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"ப்ளோ... பேர்ஸில்... தெ... தொய்."

புரண்டு படுத்துக் காதைப் பொத்திக்கொண்ட மனிதர் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாங்கட்டிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. குரல் உடைந்திருந்தது, ஆனால் கண்டிப்புக் குறையவில்லை.

"கடைசியில போட்டு அமுக்குறீகளே! முன்னதுக்கு ஓங்கிச் சொல்லுங்க!"

பெரியவர் மறுபடியும் சொன்னார்.